சுருட்டு டப்பா

அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வந்து சேர்ந்தான். வழியில் எங்கும் நிறுத்தாமல் லாரி ஓட்டி வந்த கண்கள். கையில் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி.

“எப்பக்கா?”

“விடியக்காலைல.”

அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே போய் நின்றான். அழுதானா தெரியவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, கால்தான் கடுத்தது. பகலெல்லாம் சலவைக்கூடத்தில் இஸ்திரி, வீட்டுக்கு வந்தால் அப்பாவின் மூச்சுக்குக் காவல். ஒரு வருஷமாக இதே பாடு.

தம்பி காகிதத்தைப் பிரித்தான். மரப்பெட்டி. மூடியில் பித்தளைக் கொக்கி.

“சுருட்டு வைக்கிறதுக்குன்னே செஞ்சதுக்கா. வாங்கி வண்டியிலயே வச்சிருந்தேன். அடுத்த மாசம் எப்படியும் வந்துரலாம்னு...”

காகிதத்தை நாலாக மடித்தான்.

அப்பாவின் சுருட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில், வெயில் படாத மூலையில், சாப்பாடு கட்டிப்போகிற பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கும் மூடி. உள்ளே ஓட்டை போட்ட ஒரு சோப்பு டப்பா, அதற்குள், சுருட்டு காயாமலிருக்க நனைத்துவைத்த துண்டு ஸ்பான்ஜ். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கப்பல்காரர்கள் கொடுத்துப் பழக்கிய ருசி. குழாய்த் தண்ணீர் ஆகாது, பூஞ்சை பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் வேண்டும். ஸ்பான்ஜ் நனைந்திருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு அவர் ஒன்றையும் பற்றவைக்கவில்லை. காலையில் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். காய்ந்துபோய் நொறுநொறுவென்று கேட்டால் அவளை ஒரு பார்வை பார்ப்பார். அதுதான் திட்டு.

நேற்றுச் சாயங்காலம் கடைசியாகப் பேசியதும் அதைத்தான். “காய விட்டுடாத.” போதும்மா, போய்ப் படு என்று அவர் சொல்லியிருக்கலாம்.

தம்பி சுருட்டுகளை மரப்பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தான். “இத அவர்கூடவே வச்சிடலாம்க்கா. சோத்து டப்பாவுல போட்டா அனுப்புறது?”

அப்பாவோடு வேலை பார்த்த கிரேன்காரர் வாசல் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். “உங்கப்பன் பொண்டாட்டியக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வச்சதில்லடா. சுருட்டுக்கு வந்த வாழ்வப் பாரு.”

அவள் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள். புது மரம். ஈரத்துணி காட்டிப் பழக்காத மரம். முன்பு கிரேன்காரர் கொடுத்த பெட்டி ஒன்றும் இப்படித்தான். சுருட்டிலிருந்த ஈரத்தையெல்லாம் மரமே குடித்துவிட்டது. இலை வெடித்து உதிர்ந்ததைப் பார்த்து அப்பா கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை.

“ஏன்க்கா, நல்லால்லையா?”

“நல்லாருக்குடா.”

“அவருக்குப் பிடிச்சிருக்குமா?”

கொக்கியை அவன் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

“பிடிக்காம என்ன.”

இருவருமாகச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். கை மடங்க மறுத்தது. முதுகுப் பக்கம் துணியை இழுத்து அவள் சுருக்கம் எடுத்தாள். யாரும் பார்க்கப்போவதில்லை, கைப்பழக்கம். வேன் வந்த சத்தம் கேட்டுத் தம்பி வெளியே போனான்.

மரப்பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டினாள். சத்தமில்லை. பழைய டப்பாவிலிருந்த ஸ்பான்ஜைப் பேட்டரித் தண்ணீரில் முக்கினாள். அழுத்திப் பிழிய விரலில் தெம்பில்லை. இரண்டையும் அப்பாவின் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

சவப்பெட்டியில் கிடத்தியதும் தம்பி தன் மரப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்தான். மூடப்போகும்போது கிரேன்காரர் குனிந்தார்.

“என்னம்மா, பாக்கெட்டு நனைஞ்சிருக்கு? தேய்க்கும்போது சரியா காயலையா?”

“இருக்கட்டும் மாமா.”

வெள்ளைத் துணியில் ஈரம் மெல்லப் படர்ந்து பொத்தான்வரை வந்திருந்தது.