கை காட்டினால் நிற்கும்

எங்கள் வீட்டின் மூன்றாவது அறை ஒரு வெளிநாடு. கதவைத் திறந்ததும் ஒரு பனிமலை இடுப்பில் இடிக்கும். அதைச் சுற்றி வந்தால் ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஐந்து ஸ்டேஷன்கள், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் முப்பத்திரண்டு மனிதர்கள், பதினோரு மாடுகள். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. ஆனால் அந்த ஊர்க் கடிகாரத்தில் எட்டு பன்னிரண்டுக்கு வரவேண்டிய வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால் இங்கே எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

தொழிலில் நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். நான் மெழுகில் பல் வரிசை வைத்து, ஈறு செய்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். இந்த ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள். அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டரில், பழைய பல் அச்சுகளையும் போட்டுத்தான் மலையைக் கட்டினேன். உச்சியை உற்றுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல் தெரியும். ஸ்டேஷன் தொட்டிகளில் பூத்திருப்பது ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்.

"இவ்வளவு பல்லை வச்சுக் கட்டியும் மலை உம்முனுதான் இருக்கு, உங்களை மாதிரி இல்ல" என்பாள் என் மனைவி. அவள் எனக்கு வைத்த பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். கோபம் வந்தால் வெறும் மாஸ்டர்.

இவ்வளவும் ஒரே ஒரு போட்டோவிலிருந்து வந்தது. அக்கா கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போய் இருபத்தாறு வருடமாகிறது. போன முதல் மாதம் அனுப்பினாள். மலைச்சரிவில் மஞ்சள் சுவர் வீடு, அதன் கீழே ஒற்றைத் தண்டவாளம், ஒரு மரக் கொட்டகை, ஒரு விளக்கு, ஒரு பெஞ்ச். பெஞ்சில் சிவப்புக் கோட்டு போட்ட எள்ளளவு உருவம். பின்பக்கம் எழுதியிருந்தாள்: 'மாமா எதிர்மேட்டில் நின்று எடுத்தது. பெஞ்சில் இருப்பது நான்தான். நீதான் ரயில் பைத்தியமாச்சே, அதனால் டைம்டேபிளும் வைத்திருக்கிறேன்.'

அந்த டைம்டேபிள்தான் எனக்குச் சட்டம். அதில் மற்ற நான்கு ஸ்டேஷன்களுக்கும் பக்கத்தில் ஒன்றுமில்லை. அக்காவின் ஸ்டேஷனுக்கு மட்டும் குட்டியாக ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தில் என் நோட்டில் நான் அதிகம் பார்த்த குறி அது. தப்பு, இல்லை, கிடையாது. ஆகவே வண்டி இங்கே நிற்காது என்று எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் எல்லாக் குறிகளுக்கும் அந்த நாட்டு மொழியில் விளக்கம் இருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். அக்காவையே கேட்டிருக்கலாம். ஆனால் ரயிலில் எனக்கே சந்தேகம் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் என்ன மரியாதை?

பதினோரு வருடமாக வண்டி அக்காவைத் தாண்டிப் போனது. பெஞ்சில் சிவப்புக் கோட்டுப் பொம்மை. விதி விதிதான் என்றாலும் அந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அக்கா உண்டு.

வாசலிலேயே ஸ்டேஷன் இருந்தும் பனியில் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறாளே என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒருநாள் போனில், "தினம் நடக்கறியாக்கா?" என்று கேட்டேன். "நடக்காம? நாலு கிலோமீட்டர்" என்றாள். போனை வைத்துவிட்டு, பல் செட்டுக்கு மெருகேற்றுகிற சாக்கில் அழுதேன்.

இடையில் அவள் வந்தது இரண்டே தடவை. அப்பா இறந்தபோது, அம்மா இறந்தபோது. இரண்டுமே நான் அறையில் முதல் ஆணி அடிப்பதற்கு முன்னால். இரண்டு வருடத்துக்கு முன் மாமாவும் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. இப்போது பத்து நாள் வருகிறேன் என்றாள்.

அவள் வருவதற்கு முதல் நாள் மனைவி துணி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்துவைத்தாள்.

"அண்ணிகிட்ட கேளுங்க. இங்கயே இருந்துடச் சொல்லுங்க. தனியா அங்க எதுக்கு?"

"கேக்கறேன். எங்க தங்க வைக்கிறது?"

"ஏன், மூணாவது ரூமு?" என்று சொல்லிவிட்டு, அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்க வெளிநாட்டை மடிச்சு வைங்க, மாஸ்டர்."

மடிப்பதற்கு அது என்ன பாயா? மலை ஒரே வார்ப்பு. எடுத்தால் உடையும்.

அக்கா வந்தாள். ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்தாள். பக்கத்தில் பெட்டி, வாயைப் பிளந்தபடி தரையில். அதிலிருந்தே ஒவ்வொரு துணியாக எடுத்து உடுத்திக்கொண்டாள். அலமாரித் தட்டு காலியாகவே இருந்தது. அந்தப் பெட்டியில் தடுக்கி நான் மூன்று முறை விழுந்தேன். விழும்போதெல்லாம் ஒரு ஜோக் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவது அறையைப் பூட்டிவைத்திருந்தேன். "பெயிண்ட் காயட்டும்க்கா, அப்புறம் காட்டறேன்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், காயவேண்டிய பெயிண்ட் ஒன்றும் இல்லை. அறையைக் காட்டினால், அவள் தங்கக்கூடிய ஓர் அறை இந்த வீட்டில் இருப்பது தெரிந்துவிடும். அவளைக் கூப்பிட ஆசை. மலையை விட மனமில்லை. இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு எட்டு நாள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் அக்காவே வந்து கதவைத் தட்டினாள். "நாளைக்குக் கிளம்பறேன்டா. பெயிண்ட் காயலைன்னா பரவால்ல, ஒட்டிக்கிட்டுப் போறேன்."

திறந்தேன். அவள் உள்ளே வரவில்லை. கதவருகிலேயே நின்று மஞ்சள் வீட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் என் பதினோரு வருடத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"ஜன்னல் திரை பச்சை இல்லடா. நீலம்."

அவ்வளவுதான். பிறகு கிட்டே வந்து, ஒற்றை விரலால் வீட்டுக் கூரையைத் தடவினாள். "பெஞ்சுல யாரு?"

"நீதான்."

"இவ்வளவு ஒல்லியாவா?"

"எண்பத்தேழுல ஒரு பங்குக்கா. சாப்பாடும் அந்தக் கணக்குலதான் போடறேன்."

சுவரில் அந்த ஊர் நேரம் வைத்த கடிகாரம் எட்டு பன்னிரண்டை நெருங்கியது. வண்டியை ஓட்டும் திருகைத் திருப்பினேன். சிவப்பு எஞ்சினும் மூன்று பெட்டிகளும் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, பாலத்தைக் கடந்து, கொட்டகையருகில் வேகம் குறைந்து, பெஞ்சைத் தாண்டிப் போயின.

"ஏன்டா நிக்காம போகுது?"

"அங்க அது நிக்காதுக்கா."

"யார் சொன்னா?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்கே" என்று பக்கத்தைக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறியைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மலைமேல் கையூன்றி நின்றாள்.

"இது நிக்காதுன்னு இல்லடா மக்கு. கேட்டா நிக்கும்னு அர்த்தம். கொட்டகைக்குள்ள ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கணும். அது கெட்டுப்போச்சுன்னா வெளிய வந்து கையைக் காட்டணும். ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தா, யாரோ வேடிக்கை பாக்கறாங்கன்னு நெனச்சு டிரைவர் போய்டுவாரு."

"அப்ப நீ பனியில அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தது?"

"நான் எதுக்கு நடக்கணும்?"

"நாலு கிலோமீட்டர்னு போன்ல சொன்னியே."

"அது சுகருக்குடா!"

நானும் சிரித்தேன். கதவருகில் நின்ற என் மனைவியும் சிரித்தாள். முதலில் நிறுத்தியது அக்காதான். பெஞ்சில் இருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா போனப்புறம் காலைல அங்க போய் உக்காருவேன். பட்டனை அமுக்க மாட்டேன். போறதுக்கு எடம் வேணுமே. எட்டு பன்னெண்டு வரும், போகும். பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

ஆக, நான் தப்பாக ஓட்டிய வண்டி இரண்டு வருடமாகச் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

கேட்க வேண்டிய நேரம் அது. எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தேன். "அப்ப டிரைவர் மேல தப்பில்ல" என்றேன்.

அக்கா லேசாகச் சிரித்தாள். என் மனைவி கதவருகிலிருந்து என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த டைம்டேபிளிலும் குறி கிடையாது.

மறுநாள் காலை அக்கா பெட்டியை மூடினாள். பத்து நாளில் முதல் தடவையாக ஹாலில் நடக்க இடம் இருந்தது.

"ஏர்போர்ட்டுக்கு நீ வராதே. அங்க நின்னுக்கிட்டு ஜோக்கடிப்பே, எனக்கு அழுகை வரும்" என்றாள். மனைவியைக் கட்டிக்கொண்டாள். டாக்ஸியில் ஏறினாள். குறுகிய தெரு. திருப்ப இடமில்லாமல் வண்டி பின்பக்கமாகவே போனது. ஆகவே அக்கா என்னைப் பார்த்தபடியே என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். ரயிலில் இப்படி நடக்காது.

நான் கையைக் காட்டினேன். டாட்டா இல்லை. கையை நேரே மேலே தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சார், வண்டியில ஆள் இருக்கு. கண்ணு தெரியல?"

"நிறுத்துங்க தம்பி" என்று அக்கா சொல்வது கேட்டது. "எனக்குத்தான் காட்றான்."

ஓடினேன். ஐம்பது வயதில் செருப்போடு ஓடுவது பார்க்கத் தகுந்ததல்ல. ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடா, எதையாவது விட்டுட்டேனா?"

"இங்கயே இருந்துடேன்க்கா."

அதற்குப் பின்னால் ஒரு ஜோக் வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

"எங்கடா படுக்கறது?" என்றாள் அக்கா. "மலை மேலயா?"

"மலையை எடுத்துடறேன்."

"பதினோரு வருஷம் கட்டினதை?"

"பிளாஸ்டர்தானே. ஒரு சுத்தியல் போதும்."

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற வெள்ளை. "பத்து நாளா பெட்டியை மூடாம வச்சிருந்தேன். பாத்தியா?"

"மூணு தடவை தடுக்கி விழுந்தேனே."

"விழுந்தே. கேக்கல."

அக்கா என் நகத்து வெள்ளையைக் கட்டைவிரலால் சுரண்டினாள். பிறகு, "மாமா சட்டையெல்லாம் இன்னும் கொக்கியிலயே தொங்குது. இன்னிக்குப் போயாகணும். போய்ப் பாக்கறேன்" என்றாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, உடனே சேர்த்துக்கொண்டாள்: "பாக்கறேன்னா, பாக்கறேன். அவ்வளவுதான். தண்டவாளத்தைப் பேத்துடாதே."

டாக்ஸி போனது. மறுபடி தூக்கிய கையைக் கீழே இறக்கவில்லை என்பதை மனைவி வந்து சொன்னபிறகுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையை உடைத்தோம். மனைவி வாளி பிடித்தாள். "இது யாரோட பல்லுங்க?"

"நம்ம ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டரோடது."

"சிரிச்சே பாத்ததில்ல. இப்பத்தான் பாக்கறேன்."

பாலத்தையும் சுரங்கத்தையும் மாடுகளையும் இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றினேன். அறையில் கட்டில் வந்தது, புது மெத்தை வந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு பலகை அடித்து, முழ நீளத் தண்டவாளத்தில் அக்காவின் கொட்டகையை மட்டும் வைத்தேன். மஞ்சள் வீடு பின்னால். ஜன்னல் திரைக்கு நீலம் பூசிவிட்டேன். பெஞ்சிலிருந்த பொம்மையைப் பெயர்த்து எடுத்து, பல் மெழுகில் புதுக் கால்கள் பிடித்து நிற்கவைத்து, வலது கையை வெட்டி மேலே தூக்கி ஒட்டினேன். முன்பல் ஒட்டுவதைவிட நுணுக்கமான வேலை. எஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும் அவள் எதிரே நிற்கின்றன. நகர்வதற்கு அங்கே இடமில்லை.

அலமாரியில் அந்தத் தட்டை மனைவி வாரம் ஒருமுறை துடைக்கிறாள். அக்கா போன வாரம் போனில், சட்டைகளில் பாதியைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மீதிப் பாதியைப் பற்றி நான் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன். "பாக்கலாம்டா" என்றாள்.

அந்த ஊர்க் கடிகாரத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றவில்லை. அதில் எட்டு பன்னிரண்டு ஆகும்போது சாப்பாட்டுத் தட்டோடு போய் அந்தக் கட்டிலில் உட்காருகிறேன். நடுவில் உட்கார்ந்தால் மெத்தையில் என் பள்ளம் விழுந்துவிடும். அதனால் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.