பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மருத்துவர்

பதிப்பகத்தின் கீழ்த்தளத்தில் சட்டப் புத்தகங்கள், முதல் மாடியில் பள்ளிக்கூட வழிகாட்டிகள், இரண்டாம் மாடியில் மூன்றே பேர். அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் போடுகிற பிரிவு அது. கீழே இருப்பவர்கள் அதைப் பேய்ப் பிரிவு என்பார்கள். படியில் எதிர்ப்பட்டால், "இன்னைக்கு எத்தனை நிலா சார்?" என்று ஒரு நக்கல். முன்பெல்லாம் சட்டாம்பிள்ளை, "நாலு. அதுல ஒண்ணு லீவு" என்பான். இப்போது தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுகிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

சட்டாம்பிள்ளை என்பது பிரிவின் ஆசிரியர் பெரியக்கா வைத்த பெயர். அவன் வேலை அப்படி. ஒவ்வொரு தொடருக்கும் தடிமனாக ஒரு உலக ஏடு உண்டு. அந்த உலகத்தில் நாளுக்கு எத்தனை மணி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், யார் எங்கே எப்போது செத்தார், எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவர் சொல்லச் சொல்ல இவன் குறித்துக்கொள்வான். கைப்பிரதி வந்தால் ஏட்டோடு ஒப்பிட்டு, பிசகினால் பென்சிலால் சுழிப்பான். அவன் கையெழுத்து விழாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது. ஆறு வருடத்தில் ஒரு பிசகும் போனதில்லை.

இந்தத் தடவை போனது.

விண்கப்பல் தொடரின் நான்காம் பாகத்தில், கப்பல் மருத்துவர் ஆறாம் அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நடைவழியில் நிற்கிறாள். ஒரே ஒரு வரி. கடைசித் திருத்தத்தில் எழுத்தாளர் அவள் சாவை முன்னுக்குத் தள்ளியபோது, பின்னால் இருந்த அவள் பேச்சையெல்லாம் வெட்டினார். இந்த வரியை மறந்துவிட்டார். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். புத்தகம் ஐந்தே வாரத்தில் தீர்ந்துபோனது.

திங்கட்கிழமை காலை எழுத்தாளர் ஒரு பை நிறையக் கடிதங்களோடு வந்தார். வங்கியில் மேலாளராக இருப்பவர், வாய் நிறையச் சிரிப்பு. பையை மேசைமேல் கவிழ்த்தார்.

"நூத்தி நாப்பது! பாருங்கக்கா. ஒருத்தன் அவ உயிரோட இருக்கான்னு பதினோரு பக்கம் நிரூபிச்சிருக்கான். எனக்கே தெரியாத நிரூபணம்!"

பெரியக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "மறுபதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அந்த வரியை வெக்கறதா, எடுக்கறதா? இன்னைக்கே சொல்லணும்."

"எடுக்கறதா? வெச்சு, அஞ்சாம் பாகத்துல ஆளையே கொண்டுவந்துடலாம்." எழுத்தாளர் அவன் முதுகில் தட்டினார். "தம்பி, நீங்க கோட்டை விட்டது நம்ம அதிர்ஷ்டம்."

மூலையில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த லேஅவுட் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "விடுங்க சார். அவன் இருக்கற நிலைமையில ஒரு வரி தப்பறது பெரிசில்ல."

நிலைமை. எட்டு மாதமாக எல்லோரும் இந்தச் சொல்லை அவன்மேல் ஒரு சால்வைபோலப் போர்த்திவிடுகிறார்கள். அவன் ஏட்டை இழுத்துப் பிரித்தான்.

"முதல் பக்கம் சார். நீங்க சொல்லி நான் எழுதினது. இந்த உலகத்துல செத்தவங்க திரும்ப மாட்டாங்க. இயந்திரமா, பிரதியா, கனவாகூட."

"அது அப்போ சொன்னது. ஊர்ல எழுதற எல்லாரும் பிணத்தை எழுப்பிட்டிருந்தாங்க, நாம வேற மாதிரி இருப்போம்னு ஒரு திமிர். இப்ப மாத்திக்கலாம். பனிக்குள்ள உறைஞ்சிருந்தா? இல்ல, இரட்டைப் பிறவி?"

"ரெட்டைப் பிறவியா?" பெரியக்கா சிரித்துவிட்டாள். "மூணு பாகமா எங்கய்யா இருந்தா அந்தத் தங்கச்சி? விடுதியிலயா?"

"எழுதினவன் நான்தானேக்கா. சாவு என் கையிலதானே இருக்கு?"

அவன் சிரிக்கவில்லை. "ஆறாம் அத்தியாயத்துல கப்பல்ல இருந்த பதினேழு பேரும் அவ கையைத் தொட்டுப் பாக்கறாங்க. குளிர்ந்து கிடக்கு. அப்புறம் அவளை வெளியில அனுப்பற நெம்புகோலை யார் அழுத்தறது?"

"மாலுமி."

"அவ புருஷன்."

"ஆமா."

"அவதான் திரும்பி வருவான்னா, அவன் ஏன் சார் அதை அழுத்தணும்?"

எழுத்தாளர் ஒரு கடிதத்தை எடுத்து, பிரிக்காமல் திரும்ப வைத்தார்.

"அவன் மூணு நாள் அந்த அறைக்கு வெளியில உக்காந்திருக்கான். நாலாம் நாள் தானே எழுந்து வந்து அழுத்தறான். அவளை இனிமே பாக்கவே முடியாதுன்னு தெரிஞ்சுதான் அழுத்தறான். அவளைக் கொண்டுவந்தீங்கன்னா, அவன் கையால அவன் என்ன பண்ணினான்னு ஆகும்?"

குரல் உயரவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னான்.

"இன்னொண்ணு" என்றான். "அந்த வரி என் கண்ணுல தப்பல. முதல் வாசிப்புலயே பாத்தேன். சுழிச்சேன். அப்புறம் சுழிச்சதை அழிச்சுட்டேன்."

பெரியக்கா கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "தெரிஞ்சேவா விட்டே?"

"ஆமாக்கா."

"ஏன்டா?"

என்னவென்று சொல்வான்? அந்த வரியில் மருத்துவர் மாலுமியின் தோளைத் தொட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறாள். இந்த எட்டு மாதத்தில் இதே கேள்வியை அவனிடம் கேட்காதவர் இல்லை. அம்மா, மாமியார், மச்சான், கீழே இருக்கும் காவலாளி உட்பட. கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போகிறபோக்கில் கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் அடுத்த அறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். பென்சிலால் சுழித்த பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒருத்தியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று ரப்பரை எடுத்தான். தப்பு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"எடுத்துடலாம்க்கா" என்று மட்டும் சொன்னான்.

எழுத்தாளர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"நீங்க கொண்டுவரச் சொன்னா, கொண்டுவந்துடுவேன் தம்பி" என்றார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "நிஜமாத்தான் சொல்றேன். வாசகனுக்காக இல்ல."

அவன் ஏட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தான். சொன்னால் போதும். ஐந்தாம் பாகம் முழுக்க அவள் நடமாடுவாள், கேட்பாள், போவாள். அவன் ஏட்டைத் திருத்தி எழுதினால் உலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

"வேண்டாம் சார்."

லேஅவுட் அண்ணன் கோப்பைத் திறந்தார். அவன் போய்ப் பின்னால் நின்றான். வரி நீலமாக ஒளிர்ந்தது, பிறகு இல்லை. கீழே இருந்த பத்திகள் மேலே ஏறின. பக்கத்தின் அடியில் ஒரு வரி அகலத்துக்கு வெற்றிடம் விழுந்தது.

"ஒரு வரி குறையுது. இடைவெளியை இழுத்து நிரவட்டுமா?"

"நிரவுங்க."

அண்ணன் எண்ணை மாற்றினார். எழுத்துக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு விலகிக்கொடுத்தன. பக்கம் அடிவரை நிறைந்தது.

"இங்க ஒரு வரி இருந்துச்சுன்னு இனி எவனுக்கும் தெரியாது" என்றார். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே. ஒரு தடவை பழையபடி காட்டுங்க."

அண்ணன் விசைப்பலகையைத் தட்டினார். இரண்டு விசை. எழுத்துக்கள் நெருங்கி இடம் விட்டன. நடைவழியில் அவள் வந்து நின்றாள். தோளைத் தொட்டாள். கேட்டாள்.

அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எழுத்தாளர் பையின் வாயைப் பிடித்தபடி நின்றார்.

அவன் வரியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தான். இரண்டாம் முறை படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சாப்பிடல" என்றான், திரையைப் பார்த்து.

பிறகு அண்ணனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தானே விசையை அழுத்தினான்.