நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயம்

ஏழு வருஷமாக ஒரே தொடர்கதையை எழுதுகிறேன் என்றால் எங்கள் காலனியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள் நான். பெயர் சுகிர்தா. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தட்டித் தட்டி, ஒரு செயலியில் நானூறு அத்தியாயம் தாண்டிவிட்டேன். கதையில், உருக்காலை உலைகளுக்குள் ஆவிகள் குடியிருக்கின்றன. பிரின்சி என்ற ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் அவை தெரியும். காலையில் குவாலிட்டி செக்கிங், சாயங்காலம் பேயோட்டுதல் என்று அவள் பிழைப்பு ஓடுகிறது.

பிரின்சிக்கு ஆலைக் கேட்டைத் திறந்துவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிதான். பக்கத்து வீட்டு முத்தம்மா பெரிம்மாவின் மகன் யேசுதாஸை, எங்களுக்குத் தாசு, மனதில் வைத்து, வேறு பெயர் கொடுத்து எழுதினேன். படித்துவிட்டு நேராக வந்து நின்றான்.

"யக்கா, என் பேரயே போடுக்கா. அங்கயாவது என் பேர்ல உள்ள போறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரனை எடுத்தால் சங்கம் வைப்பான் என்று, எங்கள் முகவரியைப் பார்த்ததுமே கான்ட்ராக்டர்கள் கையை விரித்துவிடுவார்கள். கம்பெனிகள் நிற்பதென்னவோ எங்கள் அப்பன்கள் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில். ஆர்.கே.பேட்டை வெங்கடேசன் ஒரு உருக்காலையில் சேர்ந்து, சூடு தாங்காமல் தன் சொந்த வயலுக்கே திரும்பிவிட்டான். அவனுடைய கேட் பாஸில்தான் தாசு உள்ளே போனான். சூப்பர்வைசர் அரசப்பன் செய்துகொடுத்த ஏற்பாடு அது. அந்தக் கேட்டுக்குள் யாராவது "தாசு" என்று கூப்பிட்டால் அவன் திரும்பக் கூடாது.

"பழகிப்போச்சுக்கா," என்பான். "இப்பல்லாம் ஊட்ல அம்மா கூப்ட்டாகூட ஒரு செகண்டு லேட்டாதான் திரும்புறேன்."

கதையில் தாசு வளர்ந்தான். அவனிடமே கேட்டுக் கேட்டு எழுதினேன். எந்த ஷிஃப்ட், எந்த ஷெட், உலைக்குப் பக்கத்தில் நின்றால் முதலில் காய்வது உதடா கண்ணா, எல்லாம். பெரிம்மாவின் மூச்சிரைப்பு, விட்டுவிட்டுப் போன அப்பா, சர்ச்சில் கடைசி பெஞ்சில் தூங்குவது, அவையும் வந்தன. நீ துணைப் பாத்திரம்டா என்றேன். "டிபன் கேரியர்ல மேல் டப்பா மாரியாக்கா?" என்று சிரித்தான். அந்த மேல் டப்பாவைத்தான் வாசகர்கள் தேடினார்கள். பிரின்சியைவிட அவனுக்குத்தான் கமெண்ட் அதிகம்.

அப்புறம் எவனோ ஒருத்தன் எழுதினான்: "தாசு ரொம்ப நல்லவனாக இருக்கிறான், சப்பென்று இருக்கிறது." எனக்குச் சுருக்கென்றது. நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு பழைய பாவத்தைக் கட்டிவிட்டேன். பதினாறு வயதில் காப்பர் கம்பி திருடச் சுவரேறிக் குதித்தான், உலை ஆவி அவனைப் பிடித்துவைத்து மன்னித்து அனுப்பியது, அன்றிலிருந்து அவன் காவல்காரன் என்று. ஆயிரம் பேர் அழுதார்கள்.

"இன்னாக்கா, என்னத் திருடனாக்கிட்ட?"

"கெட்டவனா இருந்து நல்லவனாவணும்டா. அப்பதான் வளர்ச்சி."

"நீ சொன்னா சரி," என்று போய்விட்டான். சண்டை போட்டிருக்கலாம். அவனுக்கு அது தெரியாது.

போன மாதம் ஒரு மதியம், ஸ்கிராப் யார்டில் காந்தக் கிரேன் விட்ட இரும்புக் குவியல் தாசு மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. காலையில் காட்டிவிட்டு உள்ளே போன கேட் பாஸ் அவன் சட்டைப் பையில் இல்லை. மறுநாளே வெங்கடேசனை அழைத்துவந்து ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். அன்று வேலைக்கு வந்தவன் இவன்தான், இதோ கையெழுத்து, உயிரோடு இருக்கிறான். அப்படியானால் செத்தவன் யார்? இரும்பு திருட உள்ளே நுழைந்தவன்.

நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வெங்கடேசன் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் போனை நீட்டினேன். "பாருங்க சார், ஏழு வருஷமா தேதியோட இருக்கு. அவன் அங்க வேலை செய்யலன்னா இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?" இன்ஸ்பெக்டர் கொஞ்சம் அக்கறையாகத்தான் படித்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

"நானும் படிக்கிறவன்தான் சார்," என்றார் அரசப்பன். "நல்லா எழுதுவாங்க. நூத்திப் பன்னெண்டப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். என் வாக்கியம், ஒரு எழுத்து குறையாமல். "ஏம்மா, செவுரேறிக் குதிச்சான்னு நீயே எழுதியிருக்கியே?"

"அது கற்பனை சார்!"

"அப்ப வேலை செஞ்சது மட்டும் நெசமா?"

வீட்டுக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தை அழித்தேன். அழித்து என்ன பயன், அரசப்பன் அதை முன்பே படம் பிடித்து ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். அவன் செத்தது தெரியாத வாசகர்கள், தாசு எங்கே, சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். ஒரு வரி எழுதினால் அங்கே எழுந்து வந்துவிடுவான். என்னால் எழுத முடியவில்லை.

நேற்று முத்தம்மா பெரிம்மா வந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். யாரோ அவருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அவன் செவுரேறிக் குதிச்சானாமே சுகிர்தா. என்கிட்ட சொல்லவே இல்லியே."

"இல்ல பெரிம்மா, அது நான் கட்டுனது. பொய்."

"என் மூச்சிரைப்பப் பத்தி எழுதிக்கிற. அவங்கப்பன் போனத எழுதிக்கிற. அதெல்லாம் நெசந்தானே?"

"நெசம்தான்."

"அத்தினியும் நெசமா எழுதிட்டு, இத மட்டும் பொய்யா எழுதுவியா?"

கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியம் பண்ணி, அழுதேகூடச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவரை ஆறுதல்படுத்தத்தான் பேசுகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டார். என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"போவட்டும்மா. ஆண்டவர்கிட்ட அவனுக்காக மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன். பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத."