சம்மனசுகள் வந்த வெள்ளிக்கிழமை

பிரிஸ்கில்லாவின் வீட்டுக்காரன் ஆண்டனிராஜ் தினமும் குடிப்பான். ஆனால் குடிகாரன் இல்லை. மேட்டுப்பட்டியில் யார் கேட்டாலும் அவள் இதை அடித்துச் சொல்வாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில். அவளிடம் ஆதாரம் இருந்தது. சாம்பல் புதனன்று நிறுத்தினால் ஈஸ்டர் வரைக்கும் அவன் ஒரு சொட்டுத் தொடமாட்டான். தவக்காலத்தில் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் கிடையாது, அவனுடைய மைக்செட் கடைக்கும் வேலை குறைவு. மனுஷன் வீட்டிலேயே கிடப்பான். குடிகாரனால் இப்படி இருக்க முடியுமா என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

முதல் சில நாட்கள் மட்டும் அவனுக்குக் கை நடுங்கும், சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கும், தூக்கம் வராது. ஒருசந்தி என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பிருக்கிற உடம்பு பின்னே எப்படி இருக்கும்? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பாள். மாமியார் இஞ்ஞாசியம்மாள், பாவம் வெளியேறுகிறது என்பாள். அந்த வாரம் முடிவதற்குள் அவனும் தெளிந்துவிடுவான்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே குட்டு உடைந்தது. கல்யாண வீட்டு பிரியாணி ஒத்துக்கொள்ளாமல் ஆண்டனிராஜுக்கு வயிறு கெட்டுப்போயிற்று. தண்ணீரே உள்ளே தங்காதபோது பிராந்தி எங்கே தங்கும்? இரண்டு நாள் வெறும் வயிற்றோடு கிடந்தவன், மறுநாள் காலை கடையில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கப் போனான். தூக்கின பெட்டியோடு விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினான். பெரியாஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மனநலப் பிரிவில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் மறுபடி பாட்டிலைத் திறந்துவிட்டான்.

எனக்கென்ன பைத்தியமா என்று குதித்தான். பிரிஸ்கில்லாவுக்கும் கோபம்தான். அந்த டாக்டரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பெயர் கமர்ஜஹான். பிரிஸ்கில்லா வயதுதான் இருக்கும். கோபமாக வந்தவர்களை நிறையப் பார்த்தவள் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னாள். காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, ஒரு வாய் போட்டால் நடுக்கம் நிற்குமா, முன்பெல்லாம் எவ்வளவு போதும், இப்போது எவ்வளவு வேண்டியிருக்கிறது, குறைக்க நினைத்துத் தோற்றதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆண்டனிராஜ் எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்தே சொன்னான். பிரிஸ்கில்லா திருத்தினாள், டீச்சர் புத்தி எங்கே போகும்? கடைசியில் தன் தவக்கால ஆதாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைக் கேட்டு அசரவில்லை. “நிறுத்த முடியுதான்னு நான் கேக்கலம்மா. நிறுத்தினா அவர் உடம்பு என்ன செய்யுது, அதச் சொல்லுங்க.”

நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை எல்லாம் சொன்னாள்.

சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான் என்று டாக்டர் ஆரம்பித்தாள். மது மூளையை அமுக்கிவைக்கிறது. தினமும் அமுக்கினால், அதையும் மீறி வேலை செய்ய மூளை தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. அமுக்குகிற சரக்கைத் திடீரென்று எடுத்துவிட்டால், ஏற்றின வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது, நடுக்கமும் அன்று வந்த வலிப்பும் அதனால்தான். ஆண்டனிராஜ் நிமிர்ந்து பார்த்தான். தலையணையை வைத்து மூடின ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுத் தலையணையை உருவின மாதிரியா என்று கேட்டான். அதேதான் என்றாள் டாக்டர். தன் தொழில் கணக்கில் புரிந்துவிட்டதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

இது ஒரு காரணத்தால் வருவதில்லை என்றும் சொன்னாள். விசேஷ வீடுகளில் கண்விழிப்பு, வேலை முடிந்ததும் ஊற்றிக்கொடுக்கிற பழக்கம், இவையெல்லாம் சேரும். ரத்தத்திலும் கொஞ்சம் வரும். குடும்பத்தில் வேறு யாராவது குடித்தார்களா?

இங்கேதான் பிரிஸ்கில்லா தலையை நிமிர்த்திக்கொண்டு மாமனார் இருதயநாதனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவரும் குடித்தவர்தான். ஆனால் அவருக்கு வாய்த்த சாவு எவருக்கும் வாய்க்காது. சாம்பல் புதனன்று நிறுத்தினார், முதல் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தார். கடைசி நாளில் சுவரைப் பார்த்துப் பேசினாராம், வெள்ளையாக யாரோ வருகிறார்கள் என்று கையை நீட்டிக் காற்றைப் பிடித்தாராம். வானதூதர்களை அந்த வீட்டில் இன்னும் சம்மனசு என்றுதான் சொல்வார்கள். சம்மனசுகள் வந்து கூட்டிப்போன மனுஷன் என்று தெருவே கும்பிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லி அனுப்பிவைத்தார்கள். உடம்பெல்லாம் ஒரே நடுக்கம், வேர்வை என்று அத்தை சொல்வார்கள்…

அந்த இடத்தில் பிரிஸ்கில்லா சட்டென்று கணவனின் கையைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், காற்றைப் பிடிப்பதும், அதில் உயிர் போவதும் உண்டு. வைத்தியம் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இன்றைக்கே சேர்ந்துகொள்ளச் சொன்னாள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் ஊசி உண்டு. அதன் பிறகு ஆசையை அடக்க மாத்திரை, வாராவாரம் பேச்சு. நடுவில் வழுக்கினாலும் வெட்கப்படாமல் திரும்பி வரலாம். ஆண்டனிராஜ் எழுந்துவிட்டான். புதன்கிழமை எப்போதும்போல நானே நிறுத்திக்கொள்வேன், நோன்பில் மாத்திரை போட்டால் அது என்ன நோன்பு என்றான். அதற்குத்தான் பயப்படுகிறேன் என்றாள் டாக்டர்.

பிரிஸ்கில்லா பயந்துபோயிருந்தாள், ஆனால் பயந்தால் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை அவள். புதனுக்கு முன்னால் இந்த ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தே தீருவது என்று முடிவு கட்டினாள். அவன் கேட்கிற பேச்சு உலகத்தில் ஒருத்தியுடையதுதான், அவன் அம்மாவுடையது. அவளிடம் போய் எதைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் இஞ்ஞாசியம்மாள் தவக்காலத்துக்கு முந்தின கடைசிக் கறியை வதக்கிக்கொண்டிருந்தாள். பிரிஸ்கில்லா அடுப்பை அணைத்தாள். டாக்டர் சொன்ன எதையும் பூசி மெழுகாமல், மாமனாரைப் பற்றினதையும் சேர்த்துச் சொன்னாள். மாமியார் தன்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

இஞ்ஞாசியம்மாள் அடிக்கவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள். பிறகு, காற்றைப் பிடிப்பார்கள் என்று டாக்டரே சொன்னாளா, நீ சொல்லி அவள் கேட்டாளா என்று விசாரித்தாள். நான் சொன்னபிறகு, மற்றவர்களும் அப்படிப் பிடிப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார்கள் அத்தை, என்றாள் பிரிஸ்கில்லா. கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஆண்டனிராஜ் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஏலே அப்பு,” என்றாள். “உங்கப்பன் தண்ணி தண்ணின்னு கேட்டப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம்னு உங்க சித்தப்பன் சொன்னான். நாந்தேன் விடல. சம்மனசு வந்துருக்கு, இந்நேரம் தூக்காதீகன்னு கதவச் சாத்துனேன். இம்புட்டு வருசமும் அதப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்துருக்கேன். உனக்கும் அப்படி ஒரு சாவு வேணுமாலே?”

அவன் ஒயரைக் கீழே போட்டான்.

“மாத்திரையப் போட்டா நோன்பு முறியும்னா, அந்தப் பாவம் ஏந்தலையில இருக்கட்டும். எந்திரி.”

எழுந்தான். கறி சட்டியிலேயே கிடந்தது. அன்று மாலையே அவனை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் சாம்பல் புதனன்று ஒரு கன்னியாஸ்திரி வார்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போனார். அதற்கடுத்து நர்ஸ் கொடுத்த மாத்திரைகளை அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். நடுக்கம் வந்தது, ஆனால் கட்டுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை இட்லி போதவில்லை என்று சண்டை போட்டான். அந்தச் சண்டையைக் கேட்டுப் பிரிஸ்கில்லா வராந்தாவில் நின்று சந்தோஷத்தில் அழுதாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் தெரு அன்பியக் கூட்டம். மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வருகிற செபக் கூட்டம் அது. தவக்காலத்து முதல் வெள்ளியில் மட்டும் இருதயநாதனின் நல்ல மரணத்தை நினைத்து அவர் வீட்டிலேயே வைப்பது வழக்கம். அந்த நாளில் இஞ்ஞாசியம்மாளுக்கு நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைப்பார்கள், அவளும் சம்மனசு வந்த கதையைச் சொல்வாள். தெருவில் அவளுக்கிருந்த மரியாதையெல்லாம் அந்தக் கதையால் வந்ததுதான். பிரிஸ்கில்லா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

இஞ்ஞாசியம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றாள். என் வீட்டுக்காரர் நோன்பினால் சாகவில்லை, குடியை ஒரேயடியாக நிறுத்தினதில் செத்தார், பக்கத்திலிருந்த நான்தான் கதவைச் சாத்தினேன் என்றாள். அவர் பார்த்தது சம்மனசு இல்லை என்றும் சொன்னாள். என் மகன் இப்போது குடிநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பிழைத்துக்கொள்வான் என்றாள். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. செபத்தை நடத்த வந்திருந்த உபதேசியார் அருள்நாதன் செபப் புத்தகத்தைப் புரட்டினார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்புறம் பின்வரிசையில் ஜோஸ்பின் எழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பிரிஸ்கில்லாவிடம் வருடா வருடம் எலுமிச்சம்பழ வைத்தியம் கேட்டுப் போகிறவள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரும் புதன்கிழமையில இருந்து நோன்பு. மத்தியானத்துல இருந்து தரையில எறும்பு எறும்புன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. வீட்ல எறும்பே இல்லக்கா.”

பிரிஸ்கில்லா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். உபதேசியாரை ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு அவள் ஜோஸ்பினோடு ஓடினாள். அவளுக்கு முன்னால் இஞ்ஞாசியம்மாள் போய் அந்த வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.