உரக்கப் பாடிய தாலாட்டு

திருவிழாவுக்கு மைக் செட்டுக் கட்டியதும் சின்னராஜ் முதலில் போடும் இசைத்தட்டு நஞ்சம்மாவுடையது. ஒலிபெருக்கிக் குழாய் சரியாக இரைகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல தட்டு இல்லை என்பான். கண்ணனுக்குத் தாலாட்டுத்தான் அது. ஆனால் அந்தக் குரல் தகரத்தை ஆணியால் கீறியதுபோல் எழும்பி, பெண்ணையாற்றின் அக்கரையில் களை எடுப்பவர்களை நிமிர வைக்கும்.

"நஞ்சம்மாக்கா தாலாட்டுனா தூங்குற புள்ளயும் எந்திரிச்சு ஓடிரும்" என்று மைக்கிலேயே சொல்வான். ஊர் சிரிக்கும். நஞ்சம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

அவள் பதினாலு வயதில் பாடியது. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த அப்பா பெங்களூருக்கு அழைத்துப் போய், தட்டு எடுக்க வந்தவர்கள் முன்னால் நிறுத்தினார். சுவரிலிருந்து ஒரு தகரப் புனல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் முகத்தை விட்டுக் கத்தச் சொன்னார்கள். பின்னால் நின்ற ஆள் அவள் பிடரியைப் பிடித்திருந்தான். குரல் மேலே போகும் இடத்தில் பின்னுக்கு இழுப்பான், தணிந்தால் புனலுக்குள் தள்ளுவான். மூன்று நிமிஷம் ஆனதும் போகச் சொன்னார்கள்.

கங்கப்பனைக் கட்டிக்கொண்டு, காவேரிப்பட்டினத்துக்கு அப்பால் ஆற்றோரத்தில் இருந்த இந்த ஊருக்கு வந்தபோது தட்டும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவள் யார் முன்னாலும் பாடவில்லை. பால் கறக்கும்போது மட்டும் மாட்டு வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து வாய்க்குள் பாடுவாள். அவள் பெற்ற இரண்டு பையன்களுக்கும் அம்மாவின் பாட்டென்றால் ஊர் சிரிக்கும் அந்தத் தட்டுத்தான். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறாத குறை.

ஐம்பத்தேழில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும் வேலை மும்முரமாக நடந்தது. குவார்ட்டர்ஸில் குடியிருந்த இன்ஜினீயர் ராஜப்பன் வீட்டு வாசலில்தான் அவள் தினமும் மாட்டைக் கட்டிப் பால் கறந்து கொடுப்பாள். திருவிழாவில் தட்டைக் கேட்டவர், அடுத்த நாள் அது எந்த வருஷத்துத் தட்டு என்று விசாரித்தார். இருபத்தஞ்சு என்றாள்.

"அப்பல்லாம் மின்சாரத்துல பதியலைம்மா. பாடறவங்க மூச்சுதான் ஊசியை ஆட்டி மெழுகுல கோடு போடணும். அதான் கத்தச் சொல்லியிருக்காங்க. அது உங்க குரல் இல்லை."

அவரிடம் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் இருந்தது. பாடுகிறீர்களா என்று கேட்டார். நஞ்சம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

ஞாயிறன்று அவளோடு கங்கப்பனும் வந்தான். வேடிக்கை பார்க்கச் சின்னராஜும் வந்தான். மேசைமேல் இருந்த மைக்கைக் கண்டதும் அவள் கிட்டே போய் முகத்தைக் கொடுத்துக் கத்தினாள். மேலே போகும் இடத்தில் தலை தானாகப் பின்னுக்குப் போயிற்று. தணியும் இடத்தில் முன்னால் வந்தது. திருப்பிப் போட்டபோது தட்டில் கேட்ட அதே அலறல். நடுவே குரல் கிணற்றுக்குள் விழுந்து எழுந்தது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல் பாடினால் போதும் என்றார் இன்ஜினீயர். மறுபடி பாடினாள். தலை மறுபடி ஆடியது. சின்னராஜ் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

"பிடரியில கை இருக்கற மாதிரியே இருக்குது சாமி. எனக்கு வராது" என்று எழுந்துவிட்டாள்.

கங்கப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"மாட்டுக்கிட்ட உக்காந்தா வரும்ங்க. தல ஆடாது."

மறுநாள் விடிந்ததும் வாசலில் மாடு நின்றது. ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, முக்காலிமேல் மைக்கை வைத்துவிட்டு இன்ஜினீயர் உள்ளே போய்விட்டார். நஞ்சம்மா நெற்றியை மாட்டு வயிற்றில் வைத்தாள். முதலில் செம்பில் பால் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது. செம்பு பாதி நிறைந்தபோது பாட்டு வந்தது.

அன்று சாயங்காலம் பையன்களையும் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியில் நாடா சுழன்றது. பால் விழுவது கேட்டது, மாடு அசைபோடுவது கேட்டது, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பாட்டு கணீரென்று இல்லை, லேசாகக் கரகரத்தது. சின்னவன், "இது யாரும்மா?" என்றான். பெரியவன் அவன் தொடையில் தட்டி அடக்கினான். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னான்.

"குரலு எறங்கிப்போச்சு" என்றாள் நஞ்சம்மா. "பதினாலு வயசுல இன்னும் நல்லா இருந்துச்சு." அதை எந்தப் பெட்டியாலும் இனிப் பிடிக்க முடியாது என்று இன்ஜினீயருக்கும் தெரியும். அவர் நாடாவைத் திரும்பச் சுற்றினார்.

அணை வேலை முடிந்து அவர் மாற்றலாகிப் போனபோது நாடாவும் பெட்டியோடு போயிற்று. அடுத்த திருவிழாவில் சின்னராஜ் ஏதோ சினிமாத் தட்டைப் போட்டுக் குழாயைச் சோதித்தான். மாட்டோடு வந்த நஞ்சம்மா நின்றாள்.

"என் தட்டு ஒடஞ்சிருச்சா?"

"பொட்டியில இருக்குதுக்கா. டேப்பு ஓடுன அன்னைக்கு நானும் இன்ஜினீயர் வூட்டு ஜன்னலுக்கு வெளியதான் நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இனிமே எதுக்கு அது?"

"போடு. கரண்டு இல்லாம வெறும் மூச்சுல கோடு கீறுன புள்ளடா அது. அக்கரைக்குக் கேக்குதான்னு பாப்போம்."

சின்னராஜ் புது ஊசி மாற்றித் தட்டை வைத்தான். மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிகிற வரை நஞ்சம்மா மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் நின்றாள்.