எதற்கான மாத்திரை

மருத்துவர் இரண்டு சீசாக்களையும் மேசைமேல் வைத்து, "இதுல எது பிரஷருக்கு, எது மனசுக்கு?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் சின்ன வெள்ளை மாத்திரைகள். லேபிள்களை வெந்நீரில் ஊறவைத்து உரித்தவன் நான்தான். என் மனைவிக்கு மனநோய் என்பது எங்கள் உறவில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கூடத்து அலமாரியில் இடப்பக்கம் பிரஷர், வலப்பக்கம் மற்றது. வேலைக்காரப் பெண் தூசி தட்டி இடம் மாற்றி வைக்கும்வரை அது போதுமானதாகவே இருந்தது. காலையில் கொடுத்தது போதாதென்று, மனசுக்கென்று நினைத்து இரவிலும் நான் அவளுக்குக் கொடுத்தது பிரஷர் மாத்திரை. இரத்த அழுத்தம் இறங்கி, குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள்.

மகள் மருந்துக்கடையில் நின்று புது லேபிள் ஒட்டி வாங்கி வந்தாள். கொட்டை கொட்டையாக எழுத்து. மருந்தின் பெயர், அதன் கீழே 'மனநோய்க்கு, இரவில் மட்டும்'.

"ஊர் பூரா தண்டோரா போட்டுடேன்" என்றேன்.

"இது இருந்தா அம்மா உங்க வீட்டுக்கு வருவாங்க. கிழிச்சீங்கன்னா என் வீட்டுக்கு. அவ்வளவுதான்ப்பா."

சீசாவை லேபிள் தெரியும்படி அலமாரியில் வைத்தேன். மகளிடம் கெஞ்சிப் பழக்கமில்லை.

என் மனைவி சமையலறையில், அங்கே இல்லாத யாரோடோ வாக்குவாதம் செய்வாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்துவது என் வழக்கம். அவள் மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஜன்னல் திறந்தே கிடந்தது. தெருவில் போகிறவர்களின் பேச்சு உள்ளே வந்தது. உள்ளிருந்து வெளியே போக எதுவும் இல்லை.

அவள் வீடு திரும்பிய மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் என் தம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்தான். "என்ன அண்ணி, அண்ணன்கிட்டேருந்து தப்பிச்சு ஆஸ்பத்திரியில ஓய்வெடுத்தீங்களாமே?"

"அங்க சாப்பாடு மோசம்தான். ஆனா உங்க அண்ணன் சமையலுக்குத் தேவலை" என்றாள் இவள்.

அவன் சிரித்தான். நான் எழுந்து அலமாரிப் பக்கம் போனேன். சீசாவைத் திருப்பி வைக்க ஒரு நொடி போதும்.

"தொடாதீங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு இங்கதான் இருக்கணும்."

கையை எடுத்துக்கொண்டேன். தம்பி உள்ளே வந்து நின்றான். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அலமாரிக்கு நேர் எதிரே.

"உட்காருடா" என்றேன்.

உட்கார்ந்தான். என் தோளைத் தாண்டி அவன் பார்வை போய் நின்றது. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. உதடுகள் மட்டும் எழுத்துக் கூட்டி மெல்ல அசைந்துகொண்டிருந்தன.