கட்டை வைக்கிறவள்

அந்த மெஷினைப் பார்த்ததுமே எனக்குக் குமட்டியது. மரம் பிளக்கிற சாமானுக்கு மிட்டாய் மஞ்சளில் யாராவது பெயின்ட் அடிப்பார்களா? என் வீட்டுக்காரரோ புது மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய் வழிந்த மூடியைத் துண்டால் துடைத்தார். அதே துண்டால் முகத்தையும் துடைத்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கட்டிக்கொண்ட பாவத்துக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேக்கரி அடுப்புகளுக்கு விறகு பிளந்து கொடுப்பது எங்கள் தொழில். இருபத்திரண்டு வருஷமாக நான் கட்டையை நிறுத்துவேன், இவர் கோடாரியைப் போடுவார். கோடாரி மேலே போகும்போது இவர் வாயிலிருந்து 'ஹும்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் என் கை வெளியே வந்துவிடும். ஒரு நகம்கூடப் போனதில்லை. போன மாதம் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் இந்தச் சனியன் வீட்டுக்கு வந்தது.

கயிற்றை இழுத்ததும் கத்த ஆரம்பித்தது. காயப்போட்ட துணி, ஆறிக்கொண்டிருந்த டீ, என் தலைமுடி, எல்லாவற்றிலும் பெட்ரோல் நாற்றம். ஒரு முனையில் இரும்புக் கூர் இருந்தது. எதிர்முனையிலிருந்து ஒரு தகடு கட்டையை அதன் மேல் தள்ளியது. கோடாரிக்கு மரம் சுத்தமாக இரண்டாகும். இதில் முனகி, நார் நாராகக் கிழிந்து, மென்று துப்பியது போல விழுந்தது. தொட்டால் விரலெல்லாம் பிசுக்கு.

"எப்படி இருக்கு?" என்று கத்தினார்.

"நாறுது!"

"என்னது?"

"ஒண்ணும் இல்ல, ஆள விடுங்க!"

வழக்கம்போல நான் கட்டை வைத்தேன். இவர் கைப்பிடியைத் தள்ளினார். ஐந்தாவது கட்டை முண்டும் முடிச்சுமாக இருந்ததால் கோணலாக உட்கார்ந்தது. நிமிர்த்தக் கை வைத்தேன். கையை எடுத்துவிட்டேன் என்று நினைத்து இவர் தள்ளிவிட்டார். 'ஹும்' என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளினாராம். அந்த இரைச்சலில் அது யார் காதில் விழும்? நான் அலறியதே இவருக்குக் கேட்கவில்லை. மெஷினோடு கொடுத்த கையுறை ஆம்பளை அளவு, எனக்குத் தொளதொள. அதனால் கை கழன்று வந்தது. உறை மட்டும் கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

நசுங்கிய உறையைப் பார்த்துத்தான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"போச்சா? ஏதாவது போச்சா?"

"அஞ்சும் இருக்கு. உங்களுக்குத்தான் மூளை இல்ல."

எதையாவது செய்யலாமென்று மெஷின் மேல் இவர் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்தேன். எண்ணெய்க்கு அடியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி ஓர் ஆள், பக்கத்தில் கட்டை வைக்கிற ஆள். கட்டை வைக்கிற ஆளின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஒருவர் மட்டுமே வேலை செய்ய வேண்டும், மற்றவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் செய்த வேலையிலிருந்து முகம் தெரியாத எவனோ என்னை அடித்துப் போட்டிருக்கிறான்.

இவரும் எட்டிப் பார்த்தார்.

"நீ உள்ள போ. நான் தனியா பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு ஒரு கட்டையைத் தூக்கக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். ஒரு கை கட்டையில், ஒரு கை இடுப்பில். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

"தள்ளுங்க," என்றேன்.

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பத்தடி தள்ளி உட்கார வைத்தேன். திரும்பி வந்து கயிற்றை இழுத்தேன். அதே நாற்றம், அதே பிசுக்கு. வாயை மூடிக்கொண்டு கட்டையைத் தூக்கி வைத்தேன், கையை எடுத்தேன், இவரைப் பார்த்தேன்.

இவர் தோள் எழுந்தது. வாய் திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் கைப்பிடியைத் தள்ளினேன்.